பினாங்கு பிறையில் மாதம் ஒரு ஞாயிறு இலவச வைத்தியம்: என்னென்ன தயார் செய்யணும்?

செயலவை_பிறை:
வணக்கம். எங்க கோயில் மண்டபத்துல மாதம் ஒரு ஞாயிறு ஏழைகளுக்கு இலவசமா வைத்தியம் பார்க்க, பணி ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் முன்வந்திருக்கார். இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு உள்ள முதியவங்க 60 பேர் வரலாம். மேசை நாற்காலி இருக்கு. வேறென்ன வேணும்? மருந்தும் அங்கேயே கொடுத்துடலாமா?

தாதி_பட்டர்வொர்த்:
முதல்ல டாக்டரோட ஏபிசி, அதாவது வருஷாந்தர மருத்துவத் தொழில் சான்றிதழ், இந்த வருஷத்துக்குப் புதுப்பிச்சிருக்கான்னு கேளுங்க. ஓய்வுக்குப் பிறகு சிலர் விட்டுடுவாங்க. காசு வாங்கலைன்னாலும் அது வேணும். மாநில சுகாதார இலாகாகிட்டயும் எழுத்துமூலம் கேட்டுடுங்க.

அதிகமா கோட்டை விடுறது சர்க்கரைப் பரிசோதனையிலதான். அன்னதானத்துல கேசரி சாப்பிட்ட கையோட வந்து விரலை நீட்டுவாங்க. சர்க்கரை 7 மில்லிமோல் இருக்கிறவருக்கு 14 காட்டலாம். ஸ்பிரிட் பஞ்சை நம்பாதீங்க, சோப்பு போட்டுக் கழுவி நல்லா காயணும். விரலோட பக்கவாட்டுல குத்துங்க, பிழியாதீங்க. பினாங்கு ஈரக்காத்துல ஸ்ட்ரிப் (ரத்தச் சொட்டு வைக்கிற பரிசோதனைப் பட்டை) டப்பாவைத் திறந்து வச்சா கெட்டுப்போகும். ஒன்னு எடுத்ததும் மூடிடணும். குத்துற ஊசி ஆளுக்கு ஒன்னு, 80 வாங்கி வைங்க. ஒருத்தர் வீட்டு லான்செட் பேனாவை எல்லாருக்கும் போட்டா ஹெப்படைட்டிஸ் பி பரவும். ஊசியைப் போடுற மஞ்சள் டப்பா முக்கால்வாசி நிறைஞ்சதும் மூடிடுங்க. அது எஸ்டபிள்யூ 404ங்கிற மருத்துவக் கழிவு வகை, சாதாரணக் குப்பையில போகக் கூடாது. அந்த டப்பாவை எடுத்துக்கச் சொல்லி ஒரு கிளினிக்கோட முன்கூட்டியே பேசி வைங்க.

பிரஷருக்கு 5 நிமிஷம் உட்கார வச்சு, பேச்சுக் கொடுக்காம எடுங்க. பருமனான கைக்குப் பெரிய கஃப் (கையில சுத்துற பட்டை) கட்டாயம், இல்லேன்னா அதிகமாக் காட்டும்.

மருந்தாளர்_ஜெலுத்தோங்:
சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், பிரஷருக்கான அம்லோடிபின் எல்லாம் பி பிரிவு மருந்து, அதாவது டாக்டர் சீட்டு வேண்டிய மருந்து. தொண்டர் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற வேலையே ஆகாது. என்னைக் கேட்டா, அங்கே மருந்தே கொடுக்க வேணாம். 14 நாள் மாத்திரை தீர்ந்துட்டா, அடுத்த மாச ஞாயிறு வரைக்கும் நோயாளி என்ன செய்வார்? சிறுநீரகப் பரிசோதனை பார்க்காம மெட்ஃபார்மின் ஆரம்பிக்கவும் கூடாது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டுற ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே இருந்தா அது ஒத்துவராது.

கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க சுகாதார கிளினிக்) குடிமக்களுக்கு 1 ரிங்கிட், மருந்தும் சேர்த்து. டாக்டரோட நேரம் அங்கே அனுப்பும் கடிதத்துக்குப் போகட்டும்: அளவு, எடுத்த நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, இப்ப சாப்பிடுற மாத்திரை, டாக்டர் கையெழுத்து, முத்திரை. துண்டுச் சீட்டுல வெறும் '14.2'ன்னு கிறுக்கினா கவுண்டர்ல யாரும் சீண்ட மாட்டாங்க. சர்க்கரை 20க்கு மேல போய், வாந்தியோ மூச்சு வாங்கலோ இருந்தா கடிதமெல்லாம் வேணாம், 999க்குப் போன் பண்ணி ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.

தாதி_பட்டர்வொர்த்:
ஒன்னு சேர்த்துக்குறேன். ஐசி (அடையாள அட்டை) இல்லாதவங்களுக்கு அந்த 1 ரிங்கிட் கணக்கு ஓடாது, வெளிநாட்டவர் கட்டணம் கேட்பாங்க. கோயில் நிதி இருந்தா அவங்களுக்கு ஒதுக்குங்க.

செயலவை_பிறை:
ரொம்ப நன்றிங்க. வீட்டுல மிஞ்சின மாத்திரையைக் கொண்டுவந்து தர்றேன்னு சிலர் சொல்றாங்களே?

மருந்தாளர்_ஜெலுத்தோங்:
வாங்காதீங்க. அட்டையை வெட்டியிருந்தா காலாவதித் தேதி போயிருக்கும், கார்ல வெயில்ல கிடந்ததான்னும் தெரியாது. கிளிபென்கிளமைட் மாதிரி சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை ஒன்னு ஆள் மாறிப் போச்சுன்னா சர்க்கரை இறங்கி மயங்கி விழுவாங்க. அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகத்துல திருப்பிக் கொடுக்கச் சொல்லிடுங்க.