புதுப்பிப்பு: திரைப்பிடிப்புச் சோதனையில் நிறம் மாறுவதன் காரணம்

ஒரே இணையப் பக்கத்தை என் மடிக்கணினியிலும் லினக்ஸ் சர்வரிலும் படம் பிடித்தால் இரு படங்களையும் ஒப்பிடும் சோதனை நிறங்கள் ஒத்துப்போகாமல் தோற்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் இல்லை. பக்கத்தின் எஸ்ஆர்ஜிபி (இணையத்தின் வழக்கமான நிற வரம்பு) நிறங்களை மடிக்கணினித் திரையின் விரிந்த நிற வரம்புக்கு மாற்றிய பிறகே உலாவி படம் பிடிப்பதால், 255, 0, 0 (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) என்னும் தூய சிவப்பு, டிஸ்ப்ளே பி3 என்னும் விரிந்த வரம்புள்ள திரையில் ஏறத்தாழ 234, 51, 35 ஆகப் பதிவாகிறது. சாம்பல் நிறங்கள் மட்டும் அப்படியே இருக்கும் என்பதால்தான் நிறமுள்ள பொத்தான்கள் மட்டும் சோதனையில் சிக்கின.

குரோமியம் உலாவியைத் தொடங்கும்போது ‘ஃபோர்ஸ் கலர் புரொஃபைல்’ அமைப்புக்கு எஸ்ஆர்ஜிபி என்று கொடுத்து, ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் அடிப்படைப் படங்களை மீண்டும் எடுத்தபின் நிறங்கள் பொருந்துகின்றன. ஒப்பீட்டின் சகிப்பு வரம்பை (எவ்வளவு வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்ற அளவை) உயர்த்தும் யோசனையை நான் ஏற்கவில்லை. அது உண்மையான நிறப் பிழையையும் மறைத்துவிடும். எழுத்துகளின் விளிம்பு வேறுபாடு இன்னும் இருக்கிறது; அதற்காக இரு இடத்திலும் ஒரே டாக்கர் படிமத்தில் (மென்பொருள்களை ஒரே சூழலாகக் கட்டிவைத்த தொகுப்பில்) சோதனையை ஓட்டவிருக்கிறேன்.