பெயர் இல்லாத இருப்பிடத் தரவால் யாருக்கு என்ன கெடுதல்?

கேள்வி (புதுவாசகர்):
டார்ச், வானிலை மாதிரி ஆப்கள்கூட இருப்பிட அனுமதி கேட்கின்றன. பெயரும் எண்ணும் எடுப்பதில்லை என்கிறார்கள். அப்படியானால் ஆபத்து எங்கே? சுற்றுச்சூழலுக்கும் கேடு என்பது உண்மையா? ஆப்பை நீக்கினால் போதுமா?

பதில் (தரவுப்பொறியாளர்):
பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவதில்லை. இரவில் போன் கிடக்கும் இடம் வீடு, பகலில் இருக்கும் இடம் வேலை. இரண்டும் சேர்ந்து பொருந்துபவர் பெரும்பாலும் ஒருவர்தான். 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் பதிவுகளை வைத்து 2013-ல் வெளியான ஆய்வில், நேரத்தோடு 4 இடங்கள் தெரிந்தாலே 95 சதவீதம் பேரைத் தனியே பிரித்தெடுக்க முடிந்தது. அதுவும் டவர் அளவுத் துல்லியத்தில்; ஜிபிஎஸ் இன்னும் நுணுக்கம். மனநல மருத்துவமனைக்கோ தொழிற்சங்கக் கூட்டத்துக்கோ போனவர் யார் என்பது இப்படித்தான் வெளியே வருகிறது. ஓட்டம், சைக்கிள் பயிற்சிகளைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப் 2017-ல் வெளியிட்ட வரைபடத்தில் ஒரு பெயரும் இல்லை. ஆனால் ராணுவ வீரர்கள் ஓடிய தடங்கள் அவர்களின் முகாம்களின் உருவத்தையே காட்டிக்கொடுத்தன.

பதில் (சர்வர்நிர்வாகி):
மின்சாரக் கணக்கைச் சொல்கிறேன். 2024-ல் தரவைச் சேமிக்கும் சர்வர்கள் இயங்கும் உலகின் தரவு மையங்கள் ஏறக்குறைய 41,500 கோடி யூனிட் எடுத்தன, மொத்தப் பயன்பாட்டில் சுமார் 1.5 சதவீதம் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. இதில் தனிநபர் தரவு ஒரு பங்குதான். முழுவதையும் அதன் தலையில் கட்டுவது தவறு. ஆனால் ஒரு பதிவு ஒரு பதிவாகவே நிற்பதில்லை. பெருந்தரவைப் பல சர்வர்களில் சேமிக்கும் ஹடூப் மென்பொருளின் கோப்பு முறைமையில் இயல்பு அமைப்பே 3 நகல். அதன்மேல் பேக்கப். ஆப்பில் யாருடைய விளம்பரத்தைக் காட்டுவது என்று முடிவுசெய்யும் விளம்பர ஏலத்தில் ஒரே விவரம் பல நிறுவனங்களுக்குப் போய், அங்கங்கே மறுபடியும் சேமிக்கப்படும். ஆவியாக்கிக் குளிர்விக்கும் மையங்களில் தண்ணீரும் செலவாகிறது. ஆகவே இடத்தை மிச்சப்படுத்த நம் போட்டோக்களை அழிப்பதைவிட, சேகரிப்பை முளையிலேயே நிறுத்துவதுதான் பலன் தரும்.

பதில் (தனியுரிமை_ஆர்வலர்):
ஆப்பை நீக்கினால் கணக்கு அழியாது. பலரும் தவறுவது இங்கேதான். முதலில் ஆப்புக்குள் போய்க் கணக்கை அழிக்கக் கோருங்கள், உறுதிச் செய்தி வந்தபின் ஆப்பை நீக்குங்கள். வைத்துக்கொள்ளும் ஆப்களுக்கு இருப்பிடத்தை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றி, துல்லிய இருப்பிடத்தை அணையுங்கள். வானிலைக்குத் தோராயமே போதும். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் விளம்பரங்கள் பகுதியில் விளம்பர ஐடியை (விளம்பர நிறுவனங்கள் உங்கள் போனை அடையாளம் காணும் குறியீடு) நீக்குங்கள். ஐபோனில் கண்காணிப்புக் கோரிக்கைகளை மொத்தமாக அணைக்கலாம். ஏற்கெனவே விற்றுப்போன தரவு இதனால் திரும்பாது. மின்னஞ்சலில் உள்நுழைந்திருந்தால் அந்த முகவரியே புது அடையாளமாகிவிடும், எனவே தேவையில்லாத ஆப்களில் உள்நுழையாமலே இருங்கள்.