அம்மாவின் சர்வீஸ் காசு 14 மாதமாக வரவில்லை, போனிலேயே கேஸ் போட வழி இருக்கிறதா?

மஸ்கெலியாப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அம்மா மஸ்கெலியாப் பக்கம் ஒரு கம்பனித் தோட்டத்தில் 31 வருடம் கொழுந்து எடுத்தவர், முழங்கால் வலி தாங்காமல் போன வருடம் நின்றுவிட்டார். நின்று 14 மாதம் ஆகிறது, சர்வீஸ் காசு, அதாவது வேலையை விட்டு நிற்கும்போது தர வேண்டிய பணிக்கொடை, ஒரு சதம் வரவில்லை. ஒபிசுக்குப் போனால் "வரும், வரும்" என்கிறார்கள். இடையில் தொரையும் (தோட்ட மனேஜர்) மாறிவிட்டார், புதுத் தொரை "இது என் காலத்துக் கணக்கு இல்லை" என்கிறாராம். ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) காசும் நிற்கிறது, ஏனென்றால் அதற்கான பி அட்டையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர். அதைப் பற்றி வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்தில், அம்மா அதை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டார்.
நான் ஹட்டனுக்கு ஒரு தரம் போய்வர ஒரு நாள் லீவும் சம்பளமும் போகிறது. ஒரு கூட்டாளி "இப்போது எல்லாம் ஒன்லைன், கேஸும் போனிலேயே போடலாம்" என்கிறான், இன்னொருத்தர் "6 மாதம் தாண்டிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார். எது உண்மை?

பழைய பெரட்டு:
தம்பி, மத்தியஸ்த சபைக்குப் போங்கள். காசு செலவு இல்லை, லோயர் வரவே கூடாது, பெரும்பாலும் சனி ஞாயிறில் பள்ளிக்கூடத்தில் வைத்து நடத்துகிறார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. எனக்கும் பக்கத்து லயத்து வீட்டுக்காரருக்கும் இருந்த வேலித் தகராறை 2 ஞாயிற்றுக்கிழமையில் முடித்தார்கள். ஒரு பேர் கூட, அதாவது ஒரு நாள் வேலை கூட, வீணாகவில்லை. கோர்ட்டுக்குப் போயிருந்தால் இன்றைக்கும் திகதி வாங்கிக்கொண்டுதான் இருந்திருப்போம்.

செக்ரோல்:
அண்ணே சொல்வது வேலிக்குச் சரி, சர்வீஸ் காசுக்குச் சரிவராது. அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால் முறைப்பாடு தொழில் திணைக்களத்துக்கு, அதாவது லேபர் ஒபிசுக்குத்தான் போக வேண்டும்.
அந்த 6 மாதக் கதை வேறு. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், அது அநியாயம் என்று தொழில் நியாய சபைக்குப் போகிறவருக்குத்தான் 6 மாதக் கெடு. உங்கள் அம்மாவை யாரும் நிறுத்தவில்லையே, அவராக நின்றார். 5 வருடம் முடித்தவர் தானாக நின்றாலும் பணிக்கொடை உண்டு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி "காலம் போய்விட்டது" என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், யார்தான் இதை இப்படிப் பரப்புகிறார்களோ தெரியவில்லை.
கணக்கு இப்படி: நாள் சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய விகிதத்தில். 31ஐ 14ஆல் பெருக்கினால் 434 நாள். நாள் சம்பளம் 1350 ரூபா என்று வைத்தால் 5,85,900 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் ஏறும், 10 வீதத்தில் தொடங்கி 12 மாதம் தாண்டினால் 30 வீதம். "வரும், வரும்" என்று இழுத்ததற்கே 1,75,770 ரூபா சேர்ந்திருக்கிறது. ஒபிசில் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி நீட்டிப் பாருங்கள், பேச்சு மாறும். அதற்கும் மசியாவிட்டால் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றுப்பத்திரம் அனுப்பி, தண்டப்பணம் அறவிடுகிற மாதிரி அறவிடலாம். நீங்கள் லோயர் பிடிக்க வேண்டியதில்லை.
ஒன்லைன் பற்றி: திணைக்களத்தின் இணையத்தளத்தில் முறைப்பாடு போடலாம். கேஸ் இல்லை, முறைப்பாடு. போட்டதும் கிடைக்கிற இலக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதுளை அக்கா:
அந்தச் சிங்களக் கடிதத்தை முதலில் பானையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள் தம்பி. அது திணைக்களத்திலிருந்து வந்தது என்றால் தமிழில் தரச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. தரவில்லை என்றால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். நீதிமன்றத்துக்கு 24ஆம் உறுப்புரை: நம் பக்கம் வழக்கு நடக்கிற மொழி சிங்களம் என்றாலும் மனுவைத் தமிழில் போடலாம், மொழிபெயர்ப்பாளரை அரசாங்கம்தான் தர வேண்டும்.
புத்தகத்தில் அப்படி. எங்கள் வீட்டு வழக்கு ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்று 3 தரம் திகதி போட்டார்கள். ஒவ்வொரு தரமும் மாமியார் சேலை மாற்றி, 5 மணி பஸ் பிடித்து, பகல் முழுக்க வாங்கில் உட்கார்ந்து, சாயங்காலம் திரும்பிவந்து என்னிடம் கேட்பார், "இன்னைக்கு என்ன சொன்னாங்க?" எனக்கும் தெரியாது. கணினி வாங்கிவைக்கிற காசில் பாதிக்கு மொழிபெயர்ப்பாளர்களை எடுத்திருந்தால் எங்கள் வழக்கு எப்போதோ முடிந்திருக்கும்.
பெயர் மாறுபாட்டுக்கு மாமியாரிடம் கேட்டது, இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசியும் தோட்டத்துக் கடிதமும். பொம்பிளைகளுக்கு ஈ.பி.எப் 50 வயதிலேயே எடுக்கலாம், ஆகவே வயது பிரச்சினை வராது.

சிக்னல் இல்லாதவன்:
நான் கணினி வேலைதான் செய்கிறேன், ஆனால் அக்கா பக்கம்தான். 2021இல் கொரோனாவுக்காக ஒரு தற்காலிகச் சட்டம் கொண்டுவந்து வீடியோவில் வழக்கு விசாரிக்க வழி செய்தார்கள், நல்லதுதான். எங்கள் டிவிசனில் வீடியோ என்ன, ஒரு கோல் எடுக்கவே கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும், மழை பிடித்தால் அதுவும் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை நெட்டில் போடுகிறார்கள், அநேகமாக இங்கிலீஷில். அதை யார் வாசிப்பது, உங்கள் அம்மாவா என் அம்மாவா?
ஆனால் ஒரு போன் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. தோட்டத்துக் கேஸ் பெரும்பாலும் சட்டத்தில் தோற்பதில்லை, கடதாசியில்தான் தோற்கிறது. லயத்துக் கூரை ஒழுகும், கரையான் அரிக்கும், வெள்ளம் வரும், சம்பளத் துண்டு போய்விடும். அம்மாவிடம் இருக்கிற எல்லாவற்றையும் இன்றைக்கே படம் எடுக்கச் சொல்லி வட்ஸ்அப்பில் வாங்கி, வருடவாரியாக அடுக்கிவையுங்கள். மூலத்தை மட்டும் யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், சங்கத் தலைவராக இருந்தாலும் சரி.
அப்புறம் முறைப்பாடு போட்டு ஒன்றும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் திணைக்களத்திடம் "இந்த இலக்க முறைப்பாட்டில் இதுவரை என்ன செய்தீர்கள்" என்று தமிழில் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருகிறோமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். 2016இல் வந்த சட்டம், நான் ஒரு தரம் பாவித்திருக்கிறேன், 4 மாதம் தூங்கிய கோப்பு ஒரு வாரத்தில் எழும்பியது.

மஸ்கெலியாப் பொடியன்:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் பேசினேன். பி அட்டை சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறதாம். சம்பளத் துண்டு எல்லாம் அடுப்பு மூட்டியாகிவிட்டது, தீபாவளி அட்வான்ஸ் துண்டு மட்டும் 3 இருக்கிறதாம். அது எதற்காவது உதவுமா? 434 நாள் என்று சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை, பிறகு "அவ்வளவு நாளா?" என்றார்.

செக்ரோல்:
உதவும். அட்வான்ஸ் துண்டில் பெயர், செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) இலக்கம், மாதம் மூன்றும் இருக்கும், அந்த மாதம் வேலையில் இருந்தார் என்பதற்கு அது போதும். இலக்கம் தெளிவாக விழட்டும், வாசல் வெளிச்சத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.