வீட்டில் எல்லாருக்கும் அல்சர்: உங்கள் அனுபவம் என்ன?

அம்பாசமுத்திரத்திலிருந்து:

எங்கள் தாத்தா வயிற்றில் மேலிருந்து கீழாக ஒரு தழும்பு உண்டு. 1970களில் செய்த அல்சர் ஆபரேஷன். அமிலத்தைச் சுரக்கவைக்கும் நரம்பை வெட்டிவிட்டு, இரைப்பையைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைப்பார்கள். பிறகு பெரியப்பாவுக்கு வந்தது, அப்பாவுக்கும் வந்தது. "நம்ம வம்சத்துக்கே வயித்துல தீ" என்று ஆச்சி சொல்லுவாள்.

34 வயதில் எனக்கு மலம் தார் மாதிரி கறுத்துப் போனது. குடும்ப வியாதிதானே என்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். திருநெல்வேலியில் எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண், கூடவே ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அல்சருக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

"அப்போ பரம்பரை இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன். அதுவும் உண்டு என்றார். எனக்கு ஓ பாசிட்டிவ். ஓ வகைக்காரர்களுக்கு இந்தப் புண் சற்று அதிகம் என்பதை 1950களிலேயே பார்த்திருக்கிறார்கள். 2012இல் ஜப்பானில் நடந்த மரபணு ஆய்விலும் ரத்த வகையைத் தீர்மானிக்கும் அந்த மரபணுவும், பி.எஸ்.சி.ஏ. என்ற இன்னொன்றும் தென்பட்டன. ரத்த வகையைக் காட்டும் சர்க்கரை மூலக்கூறுகள் வயிற்றின் உள்சவ்விலும் இருக்கின்றன. கிருமி ஒட்டிக்கொள்ளப் பிடிப்பதும் அந்த மாதிரி மூலக்கூறுகளைத்தான். ஆனாலும் அது சற்று அதிகம், அவ்வளவுதான். ஓ வகை உள்ள பெரும்பாலோருக்கு அல்சர் வருவதே இல்லை.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. தாத்தாவிடமிருந்து ரத்தம் மட்டுமா வந்தது? ஒரே அடுப்படி, ஒரே தண்ணீர்ப் பானை. ரத்தத்தை மாற்ற முடியாது, கிருமியை ஒழிக்கலாம். 14 நாள் மாத்திரை சாப்பிட்டேன். முடித்து ஒரு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது கிருமி இல்லை.

தென்காசியிலிருந்து:

அண்ணாச்சி, மாத்திரையிலும் பரம்பரை உண்டு. அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரை அக்காவுக்கு நன்றாகக் கேட்டது, எனக்கு அவ்வளவாகக் கேட்கவில்லை. அந்த மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதி சிலருக்குப் பிறவியிலேயே வேகமாக வேலை செய்யும் என்றார் டாக்டர். எனக்கு மருந்தை மாற்றித் தந்தார், சரியானது.

மேலப்பாளையத்திலிருந்து:

எங்கள் வீட்டில் யாருக்கும் அல்சர் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் ஏமாந்தோம். உம்மா 20 வருடமாகப் பீடி சுற்றுகிறார். இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை வெறும் வயிற்றில் தினமும் போட்டிருக்கிறார். ஒருநாள் ரத்த வாந்தி. சோதித்ததில் கிருமியும் இல்லை. வலி மாத்திரைதான் புண்ணாக்கியிருக்கிறது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். யாரும் வலி மாத்திரையை நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள், தயவுசெய்து.

அம்பாசமுத்திரத்திலிருந்து மறுபடியும்:

உம்மா இப்போது நலமா? தம்பிக்கும் பரிசோதனை செய்தோம். கிருமி இருந்தது, மாத்திரை முடித்துவிட்டான். சித்தப்பாதான் வரமாட்டேன் என்கிறார். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் நெஞ்சுக்குழியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், கேட்டால் "எங்கப்பாவுக்கும் இப்படித்தாம்ல" என்கிறார். இப்படிப் பிடிவாதம் பிடிப்பவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர்கள் இருந்தால், என்ன சொல்லி அழைத்துப் போனீர்கள் என்று எழுதுங்கள்.