சின்னப் பட்டறைக் கிற்றாருக்கு 12 லட்சம் குடுக்கிறவன் விசரனோ?

தச்சன்பேரன்:
நேற்று ஒரு குறூப்பில ஒருத்தர் குரல்பதிவு போட்டிருந்தார். சின்னப் பட்டறையில கையால செய்யிற கிற்றாருக்கு நாலாயிரம் டொலர், அதாவது எங்கட காசில 12 லட்சம் குடுக்கிறவன் விசரனாம், பக்டரியில செய்யிற யமஹா ஒண்டை வாங்கி நல்ல கம்பி போட்டா ரெண்டும் ஒண்டுதானாம், மிச்சக் காசுக்கு மோட்டச்சைக்கிள் எடுக்கலாமாம். அதுக்குக் கீழ ஆக்கள் வரிசையில நிண்டு கை தட்டியிருக்கினம். எனக்கு இரவு நித்திரை வரேல்ல.

எங்கட அப்பப்பா தச்சன். பலாப்பலகை ஒண்டைக் கையில எடுத்தா முதல் விரல்முட்டியால தட்டிக் காதுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்திட்டுத்தான் உளியைத் தொடுவார். நல்ல கிற்றார்ப் பட்டறையிலயும் அதைத்தான் செய்யினம். கம்பிக்குக் கீழ வாற மேல்பலகைக்கு ஸ்புறூஸ் மரத்தில ஒரே தடிப்புக்கு அறுத்த ரெண்டு பலகை ஒரே விறைப்பா இராது, ஒரே மரத்தில எடுத்தாலும் இராது. பக்டரி எல்லாத்தையும் ஒரே தடிப்புக்கு மிசினில விட்டு எடுக்குது, அதுக்குள்ள ஆகச் சோர்ந்த பலகையும் கம்பி இழுவையைத் தாங்கோணும், உத்தரவாதத்தில திரும்பி வரக்கூடாது, அதால எல்லாப் பலகையையும் தடிப்பா விடுறான். பட்டறைக்காரன் தட்டித் தட்டி அந்தப் பலகைக்கு எவ்வளவு காணுமோ அவ்வளவுக்குச் சீவுறான். 3 மில்லிமீற்றர்ப் பலகையை 2.7 ஆக்கினா விறைப்பு நாலில ஒரு பங்குக்கு மேல குறையும், ஏனெண்டா விறைப்பு தடிப்பின்ர மூண்டாம் அடுக்கில போகுது. விறைப்புக் குறைஞ்சாச் சத்தம் கூடும். குடுக்கிற காசு அந்தத் தட்டுக்கு. பெயருக்கு இல்லை.

குருநகர்க்காத்து:
தட்டிப் பாக்கிறவையாம். தேங்காயோ?

என்ர யமஹா எஃப்ஜி, 22 வருசம். கடற்கரையில இருந்து பாத்தா வீடு தெரியும், உப்புக்காத்து ஒரு நாள் நிண்டதில்லை. ஞாயிறுப் பூசை, திருநாள், செத்தவீடு, கலியாணம் எல்லாத்துக்கும் அதுதான். யமஹா 1966 இல முதல் எஃப்ஜி விட்ட நாள் துவக்கம் உலகம் முழுக்க ஆக்கள் வாசிக்கினம், ஒருத்தரும் பலகையைத் தட்டிக் குடுக்கச் சொல்லிக் கேட்டதில்லை. கோயில்ல பின்வாங்கில இருக்கிற கிழவிக்கு 2.7 ஓ 3 ஓ எண்டு கேக்குமே?

2018 இல இங்கிலாந்தில லங்காஸ்டர் யூனிவர்சிற்றியில ஒரு சோதினை செய்தவை. ஆறு கிற்றார், 52 வாசிப்பாளர், இருட்டு அறை, கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி. பின்பலகை ரோஸ்வூட்டோ மகோகனியோ எண்டு ஆக்களால வித்தியாசம் சொல்ல ஏலேல்ல. விலை கூடின மரமும் குறைஞ்ச மரமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் புள்ளி எடுத்தது. இதுக்கு என்ன சொல்லுறீர்?

தச்சன்பேரன்:
நான் மேல்பலகையைப் பற்றிக் கதைக்கிறன், நீர் பின்பலகையைக் கொண்டு வாறீர். நான் எழுதினதை வாசிக்கவே இல்லை எண்டு விளங்குது.

உந்தச் சோதினையை முழுக்க வாசிச்சனீரோ? அந்த ஆறு கிற்றாரையும் செய்தது ஆர்? ஃபைல்ட் எண்ட சின்னப் பட்டறை. ஆறுக்கும் ஒரே வடிவம், மேல்பலகையும் ஒரே மாதிரி, பின்னுக்கும் பக்கத்துக்கும் மட்டும்தான் மரம் வேற. மேல்பலகையை ஒரே கை ஒரே மாதிரிச் சீவினபடியால்தான் ஆறும் ஒரே மாதிரிக் கேட்டது. நீர் கொண்டு வந்தது எனக்குச் சாட்சி.

1862 இல ஸ்பெயினில தொறெஸ் எண்ட மனுசன் பின்னுக்கும் பக்கத்துக்கும் மரமே போடாமல் கடதாசிக்கூழில ஒரு கிற்றார் செய்தவர், மேலுக்கு மட்டும் நல்ல ஸ்புறூஸ். சத்தம் மேல்பலகையிலதான் இருக்கு எண்டு காட்டத்தான் செய்தவர். தட்டிப் பாக்கிறதும் மேல்பலகையைத்தான்.

கேள்விக்குறி:
ஒரு சின்னச் சந்தேகம். சின்னப் பட்டறை எண்டா எத்தினை பேர் வேலை செய்யிற இடம்? இண்டைக்குப் பெரிய கிற்றார்க் கொம்பனியா இருக்கிற டெய்லர் 1974 இல துடங்கேக்கையும் கலிபோர்னியாவில ஒரு சின்னக் கடைதான். மார்ட்டினும் 1833 இல ஒரு மனுசன்ர பட்டறைதான். கொலிங்ஸ் கிற்றாரை எல்லாரும் பெரிய கைவேலை எண்டு சொல்லுகினம், ஆனா அவையும் கொம்பியூட்டர் மிசினில கழுத்து வெட்டுகினம். எந்த இடத்தில கோடு கீறுறது?

ரொறன்ரோக்குளிர்:
அண்ணை தச்சன்பேரன் சொல்லுறது சரி. நான் இஞ்ச கடையில சன்ரா குறூஸ் எண்ட பட்டறைக் கிற்றார் ஒண்டை எடுத்து ஒரு கோட் பிடிச்சனான், வயித்துக்குள்ள அதிர்ந்தது. அதுக்குப் பிறகு வீட்டில இருக்கிற பக்டரிக் கிற்றாரைத் தொட மனமில்லை. அங்க ஊரில இருக்கிற ஆக்கள் இப்பிடி ஒண்டைக் கையில பிடிச்சுப் பாக்காமல் கதைக்கக்கூடாது.

குருநகர்க்காத்து:
வந்திட்டார். ஊரில இருக்கிற ஆக்கள் கதைக்கக்கூடாதாம். 2022 இல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டேக்க மெழுகுதிரி கொழுத்தி வைச்சு குவயர் பழகினனாங்கள், அப்ப உம்மட வயிறு எங்க அதிர்ந்தது? டொலரில சம்பளம் எடுக்கிறவைக்கு நாலாயிரம் ஒரு மாசக் காசு. இஞ்ச 200 ரூபாவில நிண்ட டொலர் 300 க்குப் போய் இருக்கு, ஒரு செற் கம்பி வாங்கவே யோசிக்க வேண்டிக் கிடக்கு.

ரொறன்ரோக்குளிர்:
ஒரு மாசக் காசோ? வாடகை கட்டிப் பாத்தாத் தெரியும். நான் அப்பிடிக் கருதிச் சொல்லேல்ல.

குருநகர்க்காத்து:
எழுதினது அப்பிடித்தான்.

மூண்டாம்ப்றெட்:
நான் கொக்குவில்ல கிற்றார் திருத்திறனான். ஆருக்கும் வக்காலத்து வாங்க வரேல்ல, கண்டதைச் சொல்லுறன்.

ப்ளைவூட் இல்லாத முழுப்பலகைக் கிற்றாருக்கு ஈரப்பதம் 45 இல இருந்து 55 வீதத்துக்குள்ள இருக்கோணும் எண்டுதான் செய்யிறவையே சொல்லுகினம். எங்கட ஊரில மாரி துடங்கினாப் பிறகு 80 க்குக் கீழ இறங்கிறது அருமை. பலகை தண்ணியைக் குடிச்சு வீங்கும், கம்பி மாட்டிற கட்டை, அதுதான் பிறிட்ஜ், அதுக்குப் பின்னால வயிறு தள்ளும், கம்பி மேல எழும்பும். லைட் கம்பிகூட எழுவது கிலோவுக்கு மேல இழுக்குது, அதை ரெண்டரை மூண்டு மில்லிமீற்றர்ப் பலகையும் உள்ளுக்குப் போட்ட சட்டமும்தான் பிடிச்சுக்கொண்டு நிக்குது. எவ்வளவு மெல்லிசாச் சீவினதோ அவ்வளவு கெதியா வீங்கும். ப்ளைவூட் பின்பலகை போட்ட யமஹாவும் ஏறும்தான், ஆனா அப்பிடி ஆடாது. போன மார்கழியில வெளிநாட்டில இருந்து வந்த கைவேலைக் கிற்றார் ஒண்டு என்னட்டை வந்தது, பிறிட்ஜ் ஒரு பக்கம் கிளம்பி நகம் போகுது. கழட்டி, சுரண்டி, திரும்ப ஒட்டி, ஒரு கிழமை கிளாம்பில.

தச்சன்பேரன்:
அது வைச்சிருந்தவன்ர பிழை. என்ர கிற்றார் ஆறு மாரி கண்டிட்டு. சித்தப்பா ரொறன்ரோவில இருந்து கொண்டு வந்தவர், பாதிக் காசு அவர் போட்டவர், மிச்சத்துக்கு நான் ரெண்டு வருசம் ரியூசன் குடுத்தனான். வாசிக்காத நேரம் பெட்டிக்குள்ள, உள்ளுக்குச் சிலிக்கா பைக்கற், ஈரம் காட்டிற மீற்றர் ஒண்டு. அப்பப்பாவும் மரத்தை வெயில்ல போட்டது கிடையாது. கொஞ்சம் ஏறினா கழுத்துக்குள்ள இருக்கிற இரும்பு, ட்றஸ் றொட்டைத் திருப்பிச் சரிக்கட்டலாம்.

மூண்டாம்ப்றெட்:
ட்றஸ் றொட் கழுத்தின்ர வளைவுக்கு. பலகை வீங்கி ஏறினதுக்கு அதைத் திருப்பக்கூடாது தம்பி. அப்பிடித் திருப்பித் திருப்பி நட்டு உடைஞ்சு எத்தினை வந்திருக்கு தெரியுமோ?

தச்சன்பேரன்:
நான் கழுத்தைத்தான் சொன்னனான். ஈரத்துக்குக் கழுத்தும் அசையும். கதையைத் திருப்பாதேங்கோ. பலகையைத் தட்டிச் சீவினா சத்தம் கூடுமோ இல்லையோ? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ.

மூண்டாம்ப்றெட்:
கூடும். நிண்டாத்தானே.

குருநகர்க்காத்து:
பாருங்கோ, திருத்திறவரே சொல்லிட்டார்.

தச்சன்பேரன்:
"கூடும்" எண்டவர். அதை ஏன் வாசிக்கேல்ல?

அளவெட்டிப்பெடியன்:
எனக்குக் கிற்றார் தெரியாது, தவில் தெரியும். எந்தத் தவில்காரன் பக்டரியில கொட்டு வாங்கினவன்? பலாக்குத்தியைப் பாத்து, தட்டி, குடைஞ்சு, எந்தப் பக்கம் எவ்வளவு விடோணும் எண்டு கைதான் சொல்லும். வீணைக்குடமும் பலாதான். நாதஸ்வரத்துக்கு ஆச்சா, அதுவும் ஒருத்தன்ர கையால கடைஞ்சது. அப்பிடிச் செய்தபடியால்தானே தவில் தெட்சணாமூர்த்தி மாதிரி ஒரு மனுசன் எங்கட அளவெட்டியில இருந்து உலகத்தையே திரும்பிப் பாக்க வைச்சவர். கிற்றாருக்கு மட்டும் மிசின் காணும் எண்டா அது என்ன ஞாயம்?

இணுவில்வாசி:
தெட்சணாமூர்த்தி பிறந்தது இணுவில். தகப்பனும் இணுவில்த் தவில்காரர். கலியாணம் செய்து அளவெட்டிக்குப் போனவர். சரித்திரத்தை மாத்தாதேங்கோ.

அளவெட்டிப்பெடியன்:
பிறந்ததை நான் இல்லையெண்டனானோ? ஊர்ப்பேர் எதைச் சொல்லிக் கூப்பிட்டவை?

இணுவில்வாசி:
விரல் எங்க பழகினது எண்டு கேளும்.

குருநகர்க்காத்து:
தவிலுக்கு வாரும் தோலும் மாத்தலாம், வெயில்ல காட்டலாம். கிற்றாரை வெயில்ல காட்டினா பசை விடும். ரெண்டையும் ஒண்டாக் கட்டாதேங்கோ. அதோட தச்சன்பேரனுக்கு ஒரு கேள்வி. 2019 இல பாசையூர்த் திருநாள் முடிய கிற்றார்க் கழுத்தில கவ்வுற என்ர கப்போவை "நாளைக்குத் தாறன்" எண்டு கொண்டு போனவர் ஆர்? ஆறு மாரி எண்டு கணக்குச் சொல்லத் தெரியுது, அந்தக் கணக்குத் தெரியேல்லையோ?

தச்சன்பேரன்:
கப்போவை உம்மட மச்சானிட்டக் குடுத்து விட்டனான். அவரைக் கேளும். இஞ்ச ஏன் அதை இழுக்கிறீர்? பதில் இல்லாத ஆள்தான் கப்போவைத் தூக்கும்.

அண்டைக்கு அதே திருநாளில உம்மட யமஹா மைக் இல்லாமல் மூண்டாம் வரிசைக்கே கேக்கேல்ல, நான் கண்ணால கண்டனான். என்ரயை எடுத்து அதே பாட்டை வாசிக்க ஆக்கள் திரும்பிப் பாத்தவை. அந்த வித்தியாசம் எங்க இருந்து வந்தது? தட்டினதில இருந்து.

குருநகர்க்காத்து:
திரும்பிப் பாத்தது நீர் சுருதி சேர்க்காமல் வாசிச்சபடியால். பாதர்கூடச் சிரிச்சவர்.

கேள்விக்குறி:
நான் மேல கேட்டதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. அஞ்சு பேரோ அம்பது பேரோ? அதைச் சொல்லாமல் "சின்னப் பட்டறை" நல்லது கூடாது எண்டு எப்பிடிக் கதைக்கிறது?

ரொறன்ரோக்குளிர்:
இஞ்ச உங்களுக்கு நேர்மாறு. விண்டரில ஹீட்டர் போட்டா ஈரம் 20 வீதத்துக்குப் போகும், பலகை வெடிக்கும். என்ர சிநேகிதன் ஒருத்தன் பிறேசில் ரோஸ்வூட் போட்ட பழைய கிற்றார் ஒண்டை ஊருக்குக் கொண்டு வர நினைச்சவன், நான் மறிச்சுப்போட்டன். அந்த மரம் 1992 துவக்கம் சைற்றிஸில, அதாவது அருகிப்போற மரம் மிருகங்களை நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்திற ஒப்பந்தத்தில, ஆகக் கடுமையான பட்டியல், பேப்பர் இல்லாமல் எல்லை தாண்டினாப் பறிச்சுப்போடுவாங்கள். மற்ற ரோஸ்வூட்டுகளையும் 2017 இல பிடிச்சவை, பேந்து 2019 இல செய்து முடிச்ச வாத்தியங்களுக்கு மட்டும் தளர்த்தினவை.

குருநகர்க்காத்து:
அப்ப வாங்கியும் கொண்டு வரேலாது. கொண்டு வந்தா வீங்கும். வைச்சிருந்தா வெடிக்கும். இதுக்கு 12 லட்சம்.

தச்சன்பேரன்:
நான் பிறேசில் ரோஸ்வூட் வாங்கச் சொன்னனானோ? எங்க சொன்னனான், காட்டுங்கோ. ஒரு எளிய மகோகனி, மேலுக்குத் தட்டிச் சீவின ஸ்புறூஸ், அவ்வளவுதான். நான் துடக்கத்தில இருந்து ஒண்டைத்தான் சொல்லுறன், நீங்கள் எல்லாரும் சுத்திச் சுத்தி மரம், டொலர், கப்போ, தவில், குளிர் எண்டு ஓடுறீங்கள். பக்டரியில ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில இறங்கிற பெட்டியளில ஆற்றையாவது விரல் அந்தப் பலகையில பட்டிருக்குமோ? மிசினுக்குக் காது இல்லை. எங்கட அப்பப்பா செய்த கதவு இண்டைக்கும் கோண்டாவில் வீட்டில ஒரு நூல் அசையேல்ல, ஷெல் விழுந்து ஓடு எல்லாம் போன காலத்திலயும் கதவு நிண்டது. ஒருத்தன் தன்ர பேரைப் போட்டுச் செய்யிற சாமானுக்கும் ஆர் செய்தது எண்டு தெரியாத சாமானுக்கும் வித்தியாசம் இல்லை எண்டு குரல்பதிவு போடுறவனுக்கு நாப்பது பேர் கை தட்டினா எனக்குக் கோவம் வரும், வரத்தான் செய்யும்.

குருநகர்க்காத்து:
கதவை வாசிக்கிறேல்ல. திறந்து பூட்டுறது.

தச்சன்பேரன்:
சரி, ஞாயிற்றுக்கிழமை கொக்குவிலுக்கு ரெண்டு கிற்றாரையும் கொண்டு வாங்கோ. சத்தஓட்டை விளிம்பில கலிப்பர் வைச்சு அண்ணை தடிப்பை அளக்கட்டும். பேந்து கதைப்பம்.

மூண்டாம்ப்றெட்:
விளிம்பில உள்ளுக்கு இன்னொரு பலகை ஒட்டியிருப்பாங்கள், அதில அளந்தாச் சரி வராது. அதோட ஞாயிறு நான் கடை திறக்கிறேல்ல.

குருநகர்க்காத்து:
எனக்கு ஞாயிறு பூசை. மச்சானிட்ட இப்பதான் கோல் எடுத்துக் கேட்டனான், கப்போவை அவர் கண்ணாலயும் காணேல்லையாம்.

தச்சன்பேரன்:
உம்மட மச்சான் பொய் சொல்லுறார். பலகையைத் தட்டினா சத்தம் கூடும் எண்டு திருத்திறவரே சொன்னவர், மேல போய் ஒருக்கா வாசியும்.