காண்ட்ராக்ட், பர்மனென்ட், பீஸ் ரேட்: வேலையில் நாங்கள் பார்த்தது

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஏழு வருடம் வெல்டிங் லைன் லீடராக இருந்தேன். ஒரு ஷிப்டில் செய்து முடிக்கும் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் காண்ட்ராக்ட், பர்மனென்ட் வித்தியாசம் தெரியவே தெரியாது. லைன் ஓடுகிற வேகத்துக்கு யாருடைய கையும் ஓடித்தான் ஆக வேண்டும். பழுதானதைத் திரும்பச் சரிசெய்யும் ரீவொர்க் மேசைக்குப் போனால்தான் தெரியும்.

காண்ட்ராக்டில் ஒரு தம்பி இருந்தார். பொறி தெறிப்பதைப் பார்த்தே தகடுகளை அழுத்தி ஒட்டவைக்கும் ஸ்பாட் வெல்டிங் டிப் (முனை) தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவார். ஒன்றே கால் வருடத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். அந்தக் கணக்கு வருவதற்குள் ‘பிரேக்’ என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். தொழிலாளியைக் காக்க வந்த சட்டமே நல்ல கைகளை வெளியே தள்ளக் காரணமாகிவிட்டதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவர் இடத்துக்கு வந்த பையனுக்குக் கை படிய மூன்று மாதம் ஆனது. முதல் வாரமே கேட்டான்: “அண்ணே, இதெல்லாம் கத்துக்கிட்டா என்னை வெச்சுக்குவாங்களா?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. டிப் தேய்ந்தது தெரிந்தாலும் லைனை நிறுத்த அவன் பயந்தான். பர்மனென்ட் ஆள் நிறுத்தினால் சூப்பர்வைசர் முறைப்பதோடு சரி. இவன் நிறுத்தி, காண்ட்ராக்டர் காதுக்குப் போனால் மறுநாள் வேலை இருக்காது. அதனால் ஒட்டியும் ஒட்டாத வெல்டு அப்படியே அடுத்த ஸ்டேஷனுக்குப் போகும்.

*

அண்ணா, நான் திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர். ஷிப்ட் சம்பளத்தில் இருந்ததைவிட தைத்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட்டுக்கு மாறிய பிறகு நிறையவே தைத்தேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் செக்கிங்கில் திரும்பி வந்த பீஸைப் பிரித்துத் தைக்கக் காசு கிடையாது. ஆர்டர் இல்லாத வாரத்தில் கையில் எதுவும் இருக்காது. அப்புறம், பக்கத்து மெஷினில் புதிதாக வந்த பெண் நூல் கோக்கத் தெரியாமல் திணறினாலும் எழுந்து போக மனம் வராது. எழுந்தால் என் கூலி போகும். நான் ஷிப்டில் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக் கொடுத்த அக்கா, தன் மெஷினை நிறுத்திவிட்டு வந்துதான் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.