முதல் செமஸ்டர்லயே பின்தங்கிட்டேன், என்ன பண்றது?

கேள்வி:
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் சேர்ந்து அஞ்சு வாரம் ஆகுது. ஸ்கூல்ல நல்லா படிச்சவன் தான், இங்க மேக்ஸ் கிளாஸ்ல உக்காந்தா எல்லாரும் தலையாட்டுறாங்க எனக்கு மட்டும் ஒண்ணும் ஏற மாட்டேங்குது. கை தூக்கி கேக்கவும் கூச்சமா இருக்கு, இது கூடவா தெரியாதுன்னு நினைச்சுடுவாங்களோன்னு. நைட்டு நோட்ஸை மூணு தடவ படிக்கிறேன், அப்போ புரிஞ்ச மாதிரி இருக்கு, ரெண்டு நாள் கழிச்சு பாத்தா சுத்தமா மறந்துடுது. ஃபர்ஸ்ட் செமஸ்டர் போனா போகுது அப்புறம் ஏத்திக்கலாம்னு ஒரு சீனியர் சொல்றார். விட்டுடலாமா?

பதில் 1:
விட்டுடாதீங்க தம்பி. தலையாட்டுறவங்க எல்லாருக்கும் புரிஞ்சிருக்குன்னு நம்பவும் நம்பாதீங்க, நானும் முதல் இன்டர்னல் மார்க் வர்ற வரைக்கும் அப்படித்தான் தலையாட்டிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு நாள் நோட்டை எடுத்துக்கிட்டு சார் ரூம் வாசல்ல ரொம்ப நேரம் நின்னு, ஒரு வழியா உள்ள போயிட்டேன். எந்த வரியில நின்னு போச்சோ அதை பென்சில்ல வட்டம் போட்டு வச்சிருந்தேன். சார் அந்த வட்டத்தை பாக்கவே இல்ல, அதுக்கு மேல இருந்த வரியில விரலை வச்சு "இது எப்படி வந்துச்சு சொல்லு"ன்னார். சொல்லத் தெரியல. லாகரிதம்ல ஒரு சின்ன ரூல், பிளஸ் ஒன்ல விட்டது, அது தெரியாம ரெண்டு சாப்டர் முட்டிக்கிட்டு இருந்திருக்கேன். பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. சும்மா "புரியல சார்"னு போய் நிக்காம எந்த இடம்னு காட்டுங்க, முக்கால்வாசி பேர் சந்தோஷமா சொல்லித் தருவாங்க.

பதில் 2:
நான் பாடம் எடுக்கிறவ, அதனால அந்த மறதி பத்தி மட்டும் சொல்றேன். திரும்பத் திரும்ப படிச்சா பழகின பக்கம்ங்கிறதால புரிஞ்ச மாதிரி தோணும்பா, அது ஏமாத்திடும். 2006ல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் காலேஜ் பசங்களை வச்சே சோதிச்சு பாத்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ மறுபடி படிச்சவங்க தான் நல்லா எழுதினாங்க, ஒரு வாரம் கழிச்சு கேட்டப்போ பாக்காம எழுதிப் பாத்தவங்க முந்திட்டாங்க. அதனால ஒரு தடவ படிச்சதும் நோட்டை மூடிட்டு வெள்ளைத்தாள்ல எழுதுங்க, ரெண்டு நாள் விட்டு மறுபடியும். கஷ்டமா தான் இருக்கும், அந்த கஷ்டத்துல தான் மனசுல நிக்குது.

பதில் 3:
சீனியர் சொன்னதுக்கு கணக்கு போட்டு பாருங்க. எட்டு செமஸ்டர், எல்லாத்துலயும் ஒரே கிரெடிட்னு, அதாவது எல்லாத்துக்கும் சம மதிப்புன்னு வச்சுக்குங்க. முதல் செமஸ்டர்ல பத்துக்கு 6 கிரேடு பாயிண்ட் எடுத்துட்டு கடைசில மொத்த சராசரி 8 வரணும்னா மிச்சம் ஏழுலயும் சராசரியா 8.29 எடுக்கணும். முடியாதுன்னு இல்ல, ஆனா பாடம் போகப் போக கஷ்டமாகும், அந்த சுமையை இப்பவே ஏன் தூக்கி வச்சுக்கணும்?

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா, மேடம். சார் நாளைக்கு மதியம் வரச் சொல்லிட்டார். உக்காந்து பாத்ததுல நாலு இடத்துல வட்டம் விழுந்திருக்கு, எல்லாத்தையும் ஒரே நாள்ல கேட்டா தப்பா நினைப்பாரா?

பதில் 1:
நாலையும் கொண்டு போங்க தம்பி, ஆனா முதல் வட்டத்துல இருந்து ஆரம்பிங்க.